வெசனத்துக்கு ஒற்றைக்கொம்பு

ஏப்ரல் 24, புதன்

பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. பாடக்குறிப்பு எழுத வாங்கிய நோட்டில் பாதி மிச்சம் இருக்கிறது, வீணாக்குவானேன் என்று இதில் எழுதுகிறேன். கட்டங்கள் அச்சடித்தே வருகின்றன. பாடத்தின் நோக்கம்: மகளுடைய கிட்டாரின் கழுத்தில் சிப்பி பதித்து நான்கு எழுத்து எழுதுவது. துணைக்கருவிகள்: ஒன்றும் கைவசம் இல்லை. ஆசிரியரின் முன்னறிவு: சுத்த சூனியம்.

இளவேனில் மே 26 ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பொள்ளாச்சிக்கு வருகிறாளாம். எனக்குச் சொல்லவில்லை, அவள் அப்பாவுக்குச் சொன்னாள். கிட்டாரையும் மிச்சமிருக்கும் துணிமணிகளையும் எடுத்துப் போகத்தான் வருகிறாள். பதினாலு மாதமாக அந்தக் கிட்டார் அவள் அறையில் பெட்டிக்குள் கிடக்கிறது. அது கிடக்கிற வரைக்கும் என்றைக்காவது அவள் வந்துதானே தீரவேண்டும் என்று எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அதையும் கொண்டு போய்விட்டால் இந்த வீட்டுக்கு வர அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது?

எங்களுக்குள் பெரிய சண்டையெல்லாம் கிடையாது. அவள் பாட்டு எழுதி வைத்திருந்த நோட்டில் நான் நாலு பிழை திருத்தினேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 26, வெள்ளி

கோயமுத்தூர் போய் வந்தேன். கிட்டார் பெட்டிக்குள் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு கடை விலாசம் இருந்தது. கிட்டார் பழுது பார்க்கும் கடை, இளவேனில் போய்வந்த இடம். ஆரோன் என்று ஒரு தம்பி வைத்திருக்கிறார், முப்பது வயது இருக்கும்.

"விரற்பலகையில் எழுத்துப் பதிக்க வேண்டும்" என்றேன். அவர் எழுந்து மூன்று இழுப்பறைகளைத் திறந்து தேடிவிட்டு, "அந்த ஸ்பேரு எங்கிட்ட இல்லீங் டீச்சர்" என்றார். கம்பிகளுக்குக் கீழே விரல் வைக்கிற நீளக் கட்டைக்கு நான் போகிற வழியில் பஸ்ஸிலேயே உண்டாக்கிய கலைச்சொல் அது. அதற்கு ஃப்ரெட்போர்டு என்று பேராம். நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை யோசிக்காமல் விட்டுவிடுகிறேன்.

வேலை சொல்வதற்கு எளிது. சிப்பித் தகட்டை எழுத்து வடிவத்தில் அறுக்க வேண்டும். அதே வடிவத்தில் மரத்தைக் குடைய வேண்டும். பசை போட்டு உட்கார வைத்து, மரத்தோடு மட்டமாகத் தேய்க்க வேண்டும்.

"எங்கிட்ட குடுத்தீங்கன்னா ரெண்டு நாள்ல முடிச்சுத் தர்றனுங்."

"இல்ல தம்பி, நானேதான் செய்யணும்."

"இதுக்கு முன்னால மரவேலை ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா?"

"கரும்பலகையில எழுதியிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. சிப்பித் தகடுகள், நகை ஆசாரிகள் வைத்திருக்கும் மயிரிழை ரம்பம், இரண்டு குழாய்களில் வரும் பசை எல்லாம் எடுத்து வைத்தார். சிப்பித்தூள் நுரையீரலுக்கு ஆகாது, தண்ணீர் தொட்டு அறுங்கள், முகக்கவசம் போடுங்கள் என்றார். முப்பத்தொரு வருடம் சாக்பீஸ் தூளைச் சாப்பிட்டவளிடம் சொல்கிறார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

சிப்பியை வீணாக்க வேண்டாம் என்று கொட்டாங்குச்சியில் பழகினேன். பொள்ளாச்சியில் அதற்குப் பஞ்சமில்லை. ச என்ற எழுத்து அப்படியே அச்சடித்தது போல வந்துவிட்டது. எனக்கே பெருமை தாங்கவில்லை. சிப்பி எதற்கு, நம் ஊர்த் தேங்காய் ஓட்டிலேயே பதித்துவிடலாம், புதுமையாக இருக்கும் என்று நினைத்து மெருகேற்றி மரத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். எழுத்தைக் காணோம். பழுப்பு மரத்தின் மேல் பழுப்பு ஓடு. மேசைக்குக் கீழே விழுந்துவிட்டது என்று ஐந்து நிமிடம் குனிந்து தேடினேன்.

மே 3, வெள்ளி

என் கணவர் நாச்சிமுத்து, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அதில் எனக்கு ஒரு மூலையும், பொருளைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸும் ஒதுக்கிக் கொடுத்தார். இன்று ஏழு ரம்ப அலகு உடைந்தது. "எட்டாவதையும் ஒடைச்சுப்போட்டுச் சோத்துக்கு வா புள்ள" என்றார்.

கிட்டாரின் கழுத்தில் வீணையில் இருப்பது போல மெட்டுகள் உண்டு. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் மெட்டுகளில் வாசிப்பவருக்கு அடையாளமாக மெட்டுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறார்கள். நான்கு இடம், நான்கு எழுத்து. வெ, ச, ன, ம். வெசனம். கவலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இளவேனில் எழுதிய பாட்டுக்கு அதுதான் தலைப்பு.

எழுத்தை அவள் கையெழுத்திலேயே படியெடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அந்த நோட்டை அவள் போகும்போது குப்பையில் போட்டுவிட்டுப் போனாள். இதை நான் சொன்னதும் நாச்சிமுத்து செம்புக் கம்பிச் சுருள்களுக்கு அடியிலிருந்து அதை எடுத்துத் தந்தார். துணியில் சுற்றி வைத்திருந்தார். பதினாலு மாதமாக மனிதர் வாயைத் திறக்கவில்லை.

பிரித்துப் பார்த்தேன். நாலு பிழை என்று எழுதியிருந்தேன் அல்லவா. எண்ணிப் பார்த்தால் அறுபத்தொன்று.

மே 6, திங்கள்

ச முடிந்தது. ன முடிந்தது. ம முடிந்தது. எனக்குக் கை வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு வரைக்கும் சொல்லிவிட்டேன்.

மே 9, வியாழன்

வெ. இந்த வெ-க்கு முன்னால் ஓர் ஒற்றைக்கொம்பு இருக்கிறதே, அது சிப்பியில் நிற்கவே மாட்டேன் என்கிறது. சுழியைச் சுற்றி ரம்பம் வரும்போது கழுத்தில் முறிகிறது. திங்களிலிருந்து இன்று வரை ஐந்து கொம்பு முறித்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கொம்பை விட்டுவிட்டு எழுதினால் காதைத் திருகியவள் நான்.

மாலையில் ஒரு யோசனை வந்தது. வெசனம் என்பது பேச்சு வழக்குதானே, விசனம் என்பதல்லவா சரி? வி-க்குக் கொம்பு கிடையாது. மேலே ஒரு வளைவு, எழுத்தோடு ஒட்டியே இருக்கும், முறியாது. அறுப்பதும் சுலபம், எழுத்தும் சரியாக இருக்கும். அரை மணி நேரத்தில் வி அறுத்து முடித்தேன். மிக அழகாக வந்திருக்கிறது.

மே 10, வெள்ளி

காலையில் நாச்சிமுத்து என் மூலைக்கு வந்தார். வி, ச, ன, ம என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னொருக்காத் திருத்தறயா?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மோட்டார் ஓடுகிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டார். நான் வெட்டுவது கஷ்டம், கொம்பு முறிகிறது, சிப்பி தீர்ந்துவிடும் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எழுதிவிடுகிறேன். அந்த நோட்டில் நான் பிழை திருத்தியதோடு நிறுத்தவில்லை. கடைசிப் பக்கத்தில் வட்டம் போட்டு நூற்றுக்கு முப்பத்தெட்டு என்று மதிப்பெண் போட்டேன். அதற்குக் கீழே "முயற்சி போதாது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு. அது கை தானாகச் செய்கிற காரியம், மூளையைக் கேட்டுச் செய்வதில்லை. அவள் அதைப் பார்த்தாள். அதுவரை வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிப்போட்ட பெங்களூர் வேலைக்கு அந்த வாரமே சரி என்று எழுதிவிட்டாள். தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல்தானே போட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வி-யைச் சுத்தியலால் தட்டி உடைத்தேன்.

மே 13, திங்கள்

பதினோராவது கொம்பு நின்றது. கும்பிட்டு எடுத்து வைத்தேன்.

மே 14, செவ்வாய்

நாச்சிமுத்துவின் சின்ன மோட்டாரில் பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற முனையை மாட்டி, ஒவ்வொரு வெள்ளைப் புள்ளிக்கும் கீழே மரத்தைக் குடைந்தேன். பசையை இட்லி மாவுக்கு உப்புப் போடுவது போலக் கண் அளவில் கலந்தேன். நான்கு எழுத்தையும் உட்கார வைத்தேன். புள்ளிகளுக்குக் கீழே எழுத்துகள் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தன. மூன்றடி பின்னால் போய் நின்று, மாணவியின் கட்டுரையைப் படிப்பது போல நிதானமாகப் படித்தேன்.

படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எழுத்துக்கு மேலே புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. உயிர் போய்விடும். முப்பத்தொரு வருடமாக இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். அந்த நான்கு வெள்ளைப் புள்ளிகளும் என் நான்கு எழுத்துகளின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கடைசி ம ஒன்றுக்குத்தான் புள்ளி வேண்டும். மற்றபடி ச் ஆகிவிட்டது, ன் ஆகிவிட்டது. ஒற்றைக்கொம்பு வைத்த வெ-யின் தலையிலும் ஒரு புள்ளி. அப்படி ஓர் எழுத்து தமிழில் கிடையாது. நான்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். வாயைக் கூட்டிக் குவித்து முயன்று பார்த்தார். "தும்மறாப்பல இருக்குது" என்றார்.

ஆரோனுக்குப் போன் போட்டேன். புள்ளியை எடுத்தால் வாசிக்கிறவள் தடுமாறமாட்டாளா என்று கேட்டேன்.

"மூஞ்சில இருக்கற புள்ளி அழகுக்குத்தானுங் டீச்சர். வாசிக்கறவங்க கட்டையோட ஓரத்துல இருக்குமே சின்னச் சின்னப் புள்ளி, அதத்தான் பாப்பாங்க. மூணையும் தோண்டி எடுத்துப்போட்டு, மரத்தூளப் பசையில கொழச்சு அடைச்சிருங்க. கடைசிப் புள்ளி உங்களுக்கு ஓசி."

மே 16, வியாழன்

மூன்று புள்ளிகளையும் தோண்டி அடைத்தேன். எழுத்துகளுக்கு உயிர் வந்தது. எனக்குத்தான் இடுப்பு போய்விட்டது.

மே 18, சனி

தேய்ப்பதற்கு முன்னால் பசை இறுகட்டும் என்று விட்டிருந்தேன். சும்மா இருக்க முடியாமல் நோட்டை எடுத்தேன். சிவப்பு மையை ஒதுக்கிவிட்டு நீல மையை மட்டும் படித்துப் பார்ப்போம் என்று தோன்றியது. இது அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும்.

பஸ்சு நிக்கற சத்தமெல்லாம்
உனக்கு நா வர்ற சத்தம்
வெசனமில்லாம ஒருநாளு
ஒறங்கு, ஒறங்கும்மா

பஸ்சு என்பதை அடித்துப் பேருந்து என்று எழுதியிருக்கிறேன். நா என்பதை நான் ஆக்கியிருக்கிறேன். ஒறங்கை உறங்கு ஆக்கியிருக்கிறேன். ஓரத்தில், அழகான கையெழுத்தில், இப்படிக் கேட்டிருக்கிறேன்: "இங்கே விளிக்கப்படுபவர் யார்? தெளிவில்லை."

அம்மா என்று எழுதியிருக்கிறாள். அதற்குப் பக்கத்திலேயே கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு பஸ் நிற்கிற இடத்துக்கு நாலு வீடு தள்ளி. அவள் கல்லூரி போன காலத்தில் சாயங்காலம் எந்தப் பஸ் நின்றாலும் நான் கேட் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். கேட்டால் குப்பை கொட்டப் போனேன் என்பேன். ஒரு சாயங்காலத்தில் ஆறு தடவை குப்பை கொட்டுகிற வீடு இந்தத் தெருவில் எங்களுடையதுதான். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கே எனக்கென்று ஒருத்தி பாட்டு எழுதியிருக்கிறாள், நான் அதற்கு முப்பத்தெட்டு போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுதேன். நாச்சிமுத்து வந்து பார்த்துவிட்டு, பட்டறை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

மே 21, செவ்வாய்

தேய்த்து முடித்தாயிற்று. பாலில் நனைத்தது போலச் சிப்பி மின்னுகிறது. கம்பி மாட்டுவதற்காகக் கோயமுத்தூர் கொண்டு போனேன். ஆரோன் விரலால் தடவிப் பார்த்து, "மொதல் தடவைக்கு மோசமில்லீங்" என்றார். அப்புறம் கிட்டாரை மார்பில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன தம்பி?"

"பாக்கறவங்களுக்குத் தலைகீழாத் தெரியுமுங் டீச்சர்."

நான் பட்டறை மேசையில் கிட்டாரைப் படுக்க வைத்து, எனக்கு நேராக இருக்கும்படி இடமிருந்து வலமாகப் பதித்துவிட்டேன். அது வாசிக்கிறவர் குனிந்து பார்க்கிற பக்கமாம். எதிரே இருக்கிறவர்களுக்குத் தலைகீழ். எல்லோரும் எதிரே இருக்கிறவர்களுக்குத்தான் வைப்பார்களாம்.

"தப்பா தம்பி?"

"தப்புனு இல்லீங். யாரும் இப்படிப் பண்றதில்ல."

மேடையேறி வாசிக்கிற பெண்ணின் கையில் தமிழைத் தலைகீழாகத் தொங்கவிட்ட தமிழாசிரியை. இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. பெயர்த்தெடுத்தால் மரம் போய்விடும் என்கிறார். பெட்டியில் வைத்து மூடிக் கொண்டுவந்துவிட்டேன்.

மே 25, சனி

வீடு துடைத்தேன். அவள் அறையை இரண்டு தடவை துடைத்தேன். வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட மாவு பிசைந்தேன்.

மே 26, ஞாயிறு

வந்தாள். மெலிந்திருக்கிறாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் என்னிடம். என்றைக்கும் என்னை நீ, வா, போ என்று பேசியவள். மரியாதைப் பன்மை ஓர் ஆளை எவ்வளவு தூரத்தில் நிறுத்தும் என்பதை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

அப்பாவிடம் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். இரண்டு கச்சாயம் எடுத்தாள். கை கழுவிவிட்டு அறைக்குப் போனாள். பெட்டியின் கொக்கிகளைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் சமையலறையில் அணைத்துவிட்ட அடுப்பின் மேல் இருந்த குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

பொறுக்கமுடியாமல் போய் வாசல்படியில் நின்றேன். கிட்டாரை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். நகத்தால் அந்த ஒற்றைக்கொம்பைச் சுற்றி வருடிக்கொண்டிருந்தாள்.

"ஆரு பண்ணுனது?"

"நாந்தான்."

நிமிரவில்லை. எனக்கு வாய் நிற்கவில்லை. "பாக்கறவங்களுக்குத் தலைகீழா இருக்கும். தெரியாமப் பண்ணீட்டேன்."

"எனக்கு நேராத்தான் இருக்குது" என்றாள். பிறகு, "வெசனம்னே போட்டிருக்குது" என்றாள்.

"நீ எழுதுனது அதுதான்." அதற்கு மேல் சொல்ல ஒரு வாரமாக நான்கு பத்தி தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அன்னைக்கு நான் உன்ற பாட்டப் படிக்கல சாமி. திருத்த மட்டும்தான் செஞ்சேன். இப்பத்தான் படிச்சேன்."

அவள் கம்பிகளைச் சுருதி கூட்டினாள். வாசிக்க ஆரம்பித்தாள். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் கிர்ர் என்று ஒரு சத்தம், போத்தலுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல. நிறுத்தினாள். அதே இடத்தை மறுபடி வாசித்தாள். மறுபடி கிர்ர். விரலை ஒவ்வோர் எழுத்தாக வைத்து அழுத்திப் பார்த்தாள். ம-வை அழுத்தியதும் சத்தம் நின்றது. விரலை எடுத்ததும் வந்தது. எழுத்து ஆடுகிறது. பசை பிடிக்கவில்லை.

ஒரு மாதம் பாடுபட்டு, நல்லா இருந்த கிட்டாரைக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

"அப்பா பட்டறையில பசை இருக்கும், இரு, இப்பவே…"

"வேண்டா." ம-வின் மேல் விரலை வைத்து அழுத்தியபடியே சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "இது பெரிய வேலையாட்டத் தெரியுது. அவசரத்துல பண்ணுனா மரம் போயிரும். இத இப்படியே பெங்களூரு கொண்டுபோக முடியாது."

"அப்ப என்ன பண்றது?"

"இங்கியே இருக்கட்டும். நீ மெதுவா சரி பண்ணி வையி. அடுத்த மாசம் வந்து எடுத்துக்கறேன்."

பெட்டியை மூடிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, துணிகளை மட்டும் பையில் எடுத்துக்கொண்டு சாயங்காலப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் கேட் வரைக்கும் போனேன். அவள் ஆசையாகக் கேட்டு வந்தது அந்த ஒரு பொருள்தான். அதையும் எடுத்துப்போக முடியாமல் செய்துவிட்டேன் என்று திரும்பி வந்ததிலிருந்து என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மே 28, செவ்வாய்

காலையில் ஆரோனுக்குப் போன் போட்டேன். எழுத்து ஆடுகிறது, பெரிய வேலை, எத்தனை நாளாகும் என்று கேட்டேன்.

"ம மட்டுமா ஆடுதுங்? பெரிய வேலையெல்லாம் இல்லீங். ஓரத்துல ஒரு சொட்டுப் பசை விட்டு அமுக்கிப் புடிச்சீங்கன்னாப் பத்து நிமிசத்துல ஒக்காந்துக்கும். இதுக்கா டீச்சர் போன் போட்டீங்க?"

"இளவேனில்தான் தம்பி பெரிய வேலைன்னு சொன்னா."

"அவங்களா சொன்னாங்க?" என்றார். "ரெண்டு வருசத்துக்கு முன்னால அவங்க கிட்டார்ல கம்பி மாட்டற கட்டையே பேந்துபோச்சுங். எங்கிட்டப் பசை மட்டும் வாங்கிட்டுப் போயி, வீட்லயே ஒட்டிக்கிட்டாங்களே. அவங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவர் இரண்டு தடவை ஹலோ என்றார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மத்தியானம் நாச்சிமுத்து பட்டறையிலிருந்து பசைக் குழாயோடு வந்தார். "எந்த எழுத்து புள்ள, காட்டு, ஒட்டிப்போடலாம்" என்றார். தொட்டீர்களானால் நடக்கிறதே வேறு என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குழாயை மூடி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.